மொளகா, முட்டாய், பொழப்பு

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

நேற்றைய பேச்சுப்போட்டியில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. நடந்த விதத்தில்தான் வருத்தம்.

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு மழைநீர். கரிசலில் மழையை நம்பி ஒரே ஒரு வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகை ஏமாற்றினால் அந்த வருஷமே போயிற்று. இதை அவள் புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்யவில்லை. தன் வீட்டுப் புஞ்சையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நடுவர் மைக்கைப் பிடித்து, "மளை இல்லம்மா, மழை. எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னாள். திரும்பவும் 'மளை' என்றுதான் வந்தது. கூட்டம் சிரித்தது.

பிள்ளை அழவில்லை, நிறுத்தவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லையே தொடவில்லை. 'வானத்துத் தண்ணி' என்றாள், 'பெய்யுற தண்ணி' என்றாள். மழை என்ற சொல் இல்லாமலே மழைநீரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு இறங்கினாள். பதின்மூன்று வயதில் மேடையில் நின்றபடி ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடிக்கொள்ளும் புத்தி எத்தனை பேருக்கு வரும்? மதிப்பெண் போட்டவர் கண்ணில் அது படவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எல்லாரும் சிரிச்சாக டீச்சர்."

நடுவர் கடைசியில் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. 'நேத்து ஒண்ணு படிச்சேன்' என்று ஆரம்பித்தார். நேற்று நேத்து ஆனது, ஒன்று ஒண்ணு ஆனது, படித்தேன் படிச்சேன் ஆனது. ஒரு மூச்சில் மூன்று திரிபு. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவை தமிழ்நாடு முழுக்க எல்லார் வாயிலும் வருகிறவை. ழ ள ஆவது மட்டும் எங்கள் திசையைக் காட்டிக்கொடுக்கிறது. ஊரெல்லாம் சேர்ந்து மாற்றினால் அதற்குப் பேச்சுவழக்கு என்று பேர். எங்கள் பிள்ளை மாற்றினால் உச்சரிப்புப் பிழை.

10 பிப்ரவரி, திங்கள்

ஆசிரியர் அறையில் இதே பேச்சு. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் டீச்சர், தனக்கு இங்கே வந்த முதல் வாரம் எப்படி இருந்தது என்று சொன்னார். குடியிருக்கும் வீட்டு ஆச்சி, "வா தாயி, இரி" என்றாளாம். 'வாங்க', 'உக்காருங்க' என்றே கேட்டு வளர்ந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த 'இரி'யில் உள்ள ஒட்டுதல் தெரியச் சில மாதம் ஆயிற்று என்றார். பையன்கள் ஒருவரை ஒருவர் 'ஏலே' என்று கூப்பிடுவதும் முதலில் சண்டை போலவே கேட்டிருக்கிறது.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான். காதுக்குப் புதுசாக இருப்பதற்கும் தப்பாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தானாகவே கண்டுகொண்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய். தைப்பூசம்

பள்ளி விடுமுறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில நாளாகவே பச்சை வேட்டி, பச்சைச் சேலையாகத் திருச்செந்தூர்ப் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி கடைசியாக வந்த ஒரு கூட்டத்துக்கு எங்கள் தெருவில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம். சாயல்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள். நான் டம்ளரை நீட்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

'அவுக பின்னால வாராக', 'அங்கிட்டு ஒக்காந்திருக்காக.' இது எங்கள் பேச்சேதான். எங்கள் ஊர் குளத்தூரிலும் அவுக, இவுக, வந்தாக, போனாக. இதே சாலையில் தெற்கே வேப்பலோடையைத் தாண்டித் தூத்துக்குடி டவுனுக்குள் போய்விட்டால் 'அவிய வந்தாவ' காதில் விழ ஆரம்பிக்கும். திருநெல்வேலி வரைக்கும் அந்த 'அவிய'தான். ஒரு க எங்கேயோ வழியில் ய ஆகிறது, வ ஆகிறது. எந்த ஊரில் என்று கோடு போட முடியாது. இரண்டும் கலந்து பேசுகிற வீடுகள் உண்டு, எங்கள் சின்னம்மா வீடு அதில் ஒன்று.

அதனால்தான் சினிமாவில் தெற்கத்தி ஆள் என்றாலே ஒரே ஒரு 'நெல்லைத் தமிழ்' போடும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. கோவில்பட்டிக்காரரும், வைகுண்டத்துக்காரரும், வேம்பார்க் கடற்கரைக்காரரும் வாக்கியத்துக்கு ஒரு ஏலே போட்டுப் பேசுகிறார்கள். கதை நடக்கும் ஊரின் மரத்தையும் மண்ணையும் அத்தனை கவனமாகப் படம் பிடிக்கிறவர்கள் அதே கவனத்தோடு வாயையும் கவனிக்கலாம்.

இங்கிருந்து கடற்கரை எட்டும் தூரம்தான். வைப்பாறு, வேம்பார் கடலோரத்தில் கேட்கும் தமிழுக்கு இன்னொரு சரித்திரமே இருக்கிறது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் போர்ச்சுகீசியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலை இடமாகக் கொண்டு, பரதவர் பேசக் கேட்டுத் தமிழ் படித்தவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கித் தந்தது. அவர் எழுதிய தமிழ் இலக்கணமும் உண்டு. பண்டிதர் தமிழை விட்டுவிட்டு, கடற்கரையில் மீன் விற்கிறவரும் சங்கு எடுக்கிறவரும் பேசிய தமிழுக்கு அவர் இலக்கணம் எழுதினார். பேச்சில் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பாதவர் அதற்கு இலக்கணம் எழுத உட்காருவாரா?

13 பிப்ரவரி, வியாழன்

சாயங்காலம் வத்தல் காயப்போட்ட இடத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். வெளுத்ததைத் தனியே பொறுக்கிக்கொண்டே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தாளில் அம்மா சொல்லச் சொல்லச் சொற்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். அவள் பேச்சில் ஒரு இடத்தில்கூட விதி பிசகவில்லை.

முதல் விதி இது. சொல்லின் முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்து அகரமாகவோ ஆகாரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால், இ எகரமாகும், உ ஒகரமாகும். இலை எல, கிணறு கெணறு, விளக்கு வெளக்கு, உடம்பு ஒடம்பு, முகம் மொகம், குளம் கொளம். நடுவில் ஒற்று வந்துவிட்டால் மாறாது. குப்பையை யாரும் கொப்பை என்று சொல்வதில்லை. சித்தப்பா சித்தப்பாதான். அம்மாவிடம் கேட்டேன், 'குத்தகை'யை ஏன் 'கொத்தகை' என்று சொல்வதில்லை என்று. "அப்பிடிச் சொன்னா நல்லாருக்காதுல்ல" என்றாள். அந்தப் பதிலுக்குள் விதி முழுசாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரே இந்த விதிக்கு உதாரணம். பஸ் போர்டில் குளத்தூர். ஏறுகிறவர் கேட்பது 'ஒரு கொளத்தூரு'. நம் வாய்க்குச் சோம்பல், எழுத்தில் இருப்பதுதான் சரி என்று சொல்கிறவர்கள் சென்னைக்கும் சேலத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையில் ஒரு பகுதிக்குப் பெயர் கொளத்தூர். மேட்டூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர் கொளத்தூர். அங்கெல்லாம் அரசாங்கப் பலகையிலேயே கொளத்தூர் என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த ஊர்க்காரர் சொன்னபடி எழுதினார்கள், எங்களை எழுதினபடி சொல்லச் சொல்கிறார்கள். கன்னடத்தில் இலைக்கு எலெ, குளத்துக்குக் கொள. நம் பேச்சில் இருக்கும் அதே எ, அதே ஒ. பக்கத்து மொழிக்காரர் எழுத்தில் மரியாதையாக வைத்திருக்கும் ஒலியை நம் பிள்ளை வாயில் கேட்டால் கொச்சை என்கிறோம்.

இரண்டாவது விதி இதைவிட அழகு. ப, ம போல உதட்டால் சொல்லும் எழுத்தோடு இ, எ சேர்ந்து, அடுத்து ட, ண, ள, ழ போல நாக்கை மேலே மடித்துச் சொல்லும் எழுத்து வந்தால், இ உகரமாகும், எ ஒகரமாகும். பிடி புடி, பிள்ளை புள்ள, பிண்ணாக்கு புண்ணாக்கு, பெட்டி பொட்டி, பெண் பொண்ணு. உதடும் குவிந்து, நாக்கும் மடிய வேண்டியிருக்கிற இடத்தில் நடுவில் வரும் உயிரும் குவிந்துகொள்கிறது. இரண்டு விதியும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வேலை செய்வதையும் பார்க்கலாம். பிழைப்பு முதலில் பெழப்பு ஆகும், பிறகு பொழப்பு ஆகும். மிளகாய் மெளகா ஆகி, மொளகா ஆகும்.

இப்போது மிட்டாய்க்கு வருகிறேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழில் மிட்டாய். இங்கே சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை 'கடல முட்டாய்'. வெளியூர்ப் பிள்ளைகள் 'முட்டாய்' என்று கேட்டதும் சிரிக்கிறார்கள். வடக்கேயிருந்து வந்த சொல் அது. ஆனால் ம-வுக்குப் பிறகு இ, அடுத்து ட். நம் விதி அதையும் பிடித்துக்கொண்டது. பிடியைப் புடி என்று சொல்லும் வாய் மிட்டாயை முட்டாய் என்றுதானே சொல்லும்? வந்த சொல்லைத் தமிழ் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

15 பிப்ரவரி, சனி

கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணம். விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகப் பஸ். 'வெளாத்திகொளம் எறங்கு' என்று கண்டக்டர் கூப்பிட்ட ஒரே குரலில் முதல் விதி மூன்று தடவை வந்தது. எனக்கு மட்டும் கேட்ட சந்தோஷம்.

சாயங்காலம் நண்பர் வீட்டில் எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யை மறுபடி புரட்டினேன். 1982-இல் வந்தது. ஒரு வட்டாரத்துச் சம்சாரிகள் பேசும் சொல்லை அகராதியாக்கலாம் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? அதற்குப் பின்னால்தான் பெருமாள்முருகன் கொங்குச் சொல்லுக்கு அகராதி செய்தார், கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லுக்குச் செய்தார். கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. சம்சாரி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து நாட்டார் கதை சேகரிக்கச் சொன்னது. 2021-இல் அவர் மறைந்த பிறகு கோவில்பட்டியில் அரசே அவருக்கு நினைவரங்கம் கட்டியிருக்கிறது.

இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் கு. அழகிரிசாமிக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி விருது, கி.ரா.வுக்கு 1991-இல். பிறகு பூமணிக்கு 2014-இல். உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019-இல். கோவில்பட்டியைச் சுற்றி ஒரு பஸ் பயண தூரத்துக்குள் நான்கு விருது. இவர்கள் எழுதிய மனிதர்கள் எல்லாரும் மழையை 'மள' என்று சொல்கிறவர்கள். புத்தகத்தில் வந்தால் அந்தப் பேச்சுக்கு விருது, பிள்ளை பேசினால் அந்தப் பேச்சுக்குச் சிரிப்பு. இதைச் சகித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

திரும்பி வரும்போது காமநாயக்கன்பட்டியை நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை போக நேரமில்லை. கோவில்பட்டிக்கு அருகில் இருக்கும் அந்த ஊரில்தான் வீரமாமுனிவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருந்தார். தேம்பாவணி எழுதியவர் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் செந்தமிழுக்கு ஒரு இலக்கணமும், ஜனங்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஒரு இலக்கணமும் லத்தீனில் எழுதினார். பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் கரிசல் ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அவர் காதில் விழுந்த தமிழில் எங்கள் முன்னோர் பேச்சும் இருந்திருக்கும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எரிச்சலே எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். டி.வி.யில் ஒரு நிகழ்ச்சி. நடத்துகிறவர் 'தமில்', 'வால்த்துகள்' என்று சொல்லிக்கொண்டே போனார். தெற்கே 'தமிள்' என்போம். அது ழ-வின் பக்கத்து வீட்டு ஒலி, நாக்கு மடிந்துதான் சொல்ல வேண்டும். பழைய சென்னைப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். அதுவும் ஒரு ஊரின் முறை. 'தமில்' எந்த ஊர் வழக்கு? தமிழைப் பேசிச் சம்பளம் வாங்குகிறவர், தினமும் பயிற்சி எடுக்க வசதி உள்ளவர், நாக்கை மடிக்கவே சிரமப்படவில்லை. அவரிடம் ழ கேட்பது நியாயம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற விதமே வேறு.

18 பிப்ரவரி, செவ்வாய்

போட்டியில் நடந்தது பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அதன் விளைவை இன்று வகுப்பில் கேட்டேன், மனசு கனத்துப்போனது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வாசிக்கும்போது 'பழ்ழி' என்றான். பள்ளியைத்தான். இன்னொருத்தி வெள்ளையை 'வெழ்ழை' என்றாள், வாலிபரை 'வாழிபர்' என்றாள். எங்கே ழ வர வேண்டும் என்று தெரியாமல், பயத்தில் எல்லா இடத்திலும் ழ போடுகிறார்கள். அதுவரை சரியாகச் சொன்ன சொல்லையும் அந்தச் சிரிப்பு கெடுத்துவிட்டது.

வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு நாக்கைப் பற்றியே பாடம் எடுத்தேன். தொல்காப்பியர் பிறப்பியலில் இதை வைத்திருக்கிறார். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவினால் ரகரமும் ழகரமும் பிறக்கும். ள சொல்லும்போது நாக்கின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடும். பிள்ளைகளிடம் ளகரத்தை 'ள்ள்ள்' என்று நீட்டச் சொல்லி, நாக்கு மேலே எங்கே படுகிறது என்று கவனிக்கச் சொன்னேன். பிறகு அதே இடத்திலிருந்து நாக்கை ஒரு நூல் இறக்கி, எங்கும் ஒட்டாமல் இன்னும் கொஞ்சம் பின்னால் வளைக்கச் சொன்னேன். முதலில் வகுப்பே சிரித்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அதில் இல்லை, எல்லார் வாயும் ஒரே கோணலில் இருந்தது. மணி அடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மேல் ழ வந்துவிட்டது.

பிறகு எட்டாம் வகுப்பிலும் இதையே செய்தேன். பேச்சுப்போட்டிப் பிள்ளைக்கு நான்காவது முயற்சியிலேயே வந்தது. அவள் கேட்டாள், "இத்தன நாளா இத ஏன் டீச்சர் சொல்லித் தரல? மயங்கொலின்னு பாடம் இருக்கு, எழுதத்தானே சொன்னாக." நியாயமான கேள்வி. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. எட்டு எழுத்தையும் பாடநூல் மயங்கொலி என்று வரிசைப்படுத்துகிறது. பரீட்சையில் பொருள் வேறுபாடு கேட்கிறார்கள். வாயால் சொல்லிக்காட்டுவதற்கு எந்தத் தேர்விலும் இடமில்லை. காதாலும் நாக்காலும் படிக்க வேண்டியதைக் கையால் படிக்க வைத்துவிட்டு, மேடையில் ஏற்றி நாக்கைச் சோதிக்கிறோம்.

வீட்டில் ஆச்சி, தாத்தா பேசும் சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் உடனே சொன்னான், போன மாசம் அவன் ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, "மேலெல்லாம் கடுக்கி" என்று ஆச்சி சொன்னது அங்கிருந்த வெளியூர் டாக்டருக்குப் புரியவில்லையாம். மேல் என்றால் எங்களுக்கு உடம்பு. அவர் 'மேலே எங்கே?' என்று தலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பையன்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறான். வேற்றூருக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவருக்கு அந்த ஊர்ப் பேச்சில் நோயைச் சொல்லும் நூறு சொல்லையாவது முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'மேலு', 'கடுக்கி', 'கிறுகிறுன்னு வருது', 'காச்ச அடிக்கி.' இந்தச் சொற்களில்தான் எங்கள் கிழவிகளின் வலி இருக்கிறது. கடுக்கிறது என்பது 'கடுக்கி', படிக்கிறான் என்பது 'படிக்கான்'. நிகழ்காலம் இப்படிச் சுருங்குவது எங்கள் பக்கத்து வழக்கம்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்று ஒரு சொல் கிடைத்தது. நாலு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த சாட்சி இதுதான்.

பத்தாம் வகுப்புக்குச் சங்கப்பாட்டு ஒன்று வேண்டும் என்று அகநானூற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 86-ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது, பழைய கல்யாணத்தை அப்படியே காட்டுவது. அந்தக் கல்யாணச் சாப்பாட்டில் உளுந்து வருகிறது. ஆனால் பாட்டில் அது உளுந்து இல்லை, 'உழுந்து'. மலையாளத்தில் இன்றைக்கும் ழகரம் போட்டு 'உழுந்நு' என்கிறார்கள். தமிழில்தான் ழ போய் ள வந்து உட்கார்ந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் உளுந்து, ரேஷன் கடையில் உளுந்து, ஓட்டல் பலகையில் உளுந்து வடை. யாரும் அதைப் பிழை என்று சொல்வதில்லை. பவழம், பவளம் இரண்டையும் அகராதி ஒப்புக்கொள்கிறது.

எங்கள் கரிசலில் விளைகிற பயறு உளுந்து. தை மாசம் களத்தில் குவித்துக் கிடந்தது. அந்தச் சொல்லுக்குள்ளேயே, மேடையில் என் பிள்ளையின் வாயில் நடந்த மாற்றம் எப்போதோ நடந்து முடிந்து, பண்டிதர் கையெழுத்தும் வாங்கிவிட்டது. தெற்கே ழ ள ஆவதைக் கால்டுவெல்லும் தம் ஒப்பிலக்கணத்தில் குறித்திருக்கிறார். அந்த நூல் 1856-இல் வந்தது. இடையன்குடியில் வாழ்ந்தவர், இந்தச் சீமைக்காரர்களோடு பேசிப் பழகியவர். அவருக்கு முன்னாலிருந்தே எங்கள் ஜனங்கள் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள்.

ராத்திரி உட்கார்ந்து போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

22 பிப்ரவரி, சனி

நேற்று உலகத் தாய்மொழி நாள். 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காகச் செத்த மாணவர்கள் நினைவாக வந்த நாள். காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இரண்டு நிமிஷம் பேசினார். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொற்களில் சிலவற்றை வாசிக்க வைத்தோம். வெரசா, சோலி, எம்புட்டு, அங்கிட்டு. ஈரோட்டு டீச்சர் தன் ஊர்ச் சொல் சிலவற்றைச் சொன்னார்.

கடிதத்தை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். போட்டி நடத்தியவர்களுக்கு எழுதியது. கோபத்தைக் குறைத்து, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டிருக்கிறேன். பேசும் பிள்ளையை நடுவில் நிறுத்தி மைக்கில் திருத்தக் கூடாது. உச்சரிப்புக்கென்று மதிப்பெண் வைத்தால், அதை முன்கூட்டிப் பள்ளிகளுக்குச் சொல்லி, என்னென்ன ஒலி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பேசி முடித்த பிறகு, அந்தப் பிள்ளையையும் ஆசிரியரையும் மட்டும் கூப்பிட்டுக் குறையைச் சொல்ல வேண்டும். ஒரு பிரிவையாவது வட்டாரப் பேச்சிலேயே பேசும் போட்டியாக வைக்க வேண்டும். தமிழ்ச் சொல் நான்கு வகை என்று பிரித்த தொல்காப்பியர் அதில் ஒன்றாகத் திசைச்சொல்லை வைத்தார். உரைகாரர்கள் அது வழங்கிய பன்னிரண்டு நிலத்தை எண்ணும்போது தென்பாண்டி நாட்டையும் சேர்த்தார்கள், தென்பாண்டியார் ஆவையும் எருமையையும் 'பெற்றம்' என்பார்கள் என்று உதாரணமும் தந்தார்கள். அந்தத் தென்பாண்டி எங்கள் சீமை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளை இன்று காலையில் வந்து அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருப்பதாகச் சொன்னாள். தலைப்பு அவளே தேர்ந்துகொள்ளலாமாம். மழையையே மறுபடி எடுக்கிறேன் என்றாள். திங்கள் முதல் பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் ழகரப் பயிற்சி. நாளை வேம்பாருக்குப் போய் வர வேண்டும். கடற்கரைப் பிள்ளைகளின் சொற்கள் நோட்டில் இன்னும் ஒன்றுகூடச் சேரவில்லை.